பானெட்டுக்குள் அடித்த தண்ணீர்

ஆயுத பூஜை முடிந்த இரண்டாம் நாள், காலை எட்டு பத்து. ஒன்பது மணிக்கு மேடவாக்கத்தில் மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பின் நடுவில் எங்கள் கார் வேகமெடுக்க மறுத்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தும் ஊர்ந்தது. பின்னால் வந்த தண்ணீர் லாரி, ஒரு முழத் தூரத்தில் பிரேக் போட்டு நின்றது. "அப்பா!" என்று மகள் அலறியது இன்னும் காதில் இருக்கிறது.

காரை ஓரம் தள்ளிவிட்டு, பல வருடப் பழக்கமான மெக்கானிக்கை அழைத்தேன். பூஜைக்காக இன்ஜினை ஹோஸ் பைப்பால் கழுவியிருந்தேன். பழைய காரை வருடாவருடம் அப்படித்தான் கழுவுவோம். சிறுமியாக இருந்த இவள்தான் பைப்பைப் பிடிப்பாள். இருவரும் நனைந்து சிரிப்போம். அந்த நினைப்பில் இந்தப் புதுக் காரையும் கழுவிவிட்டேன். அன்றைக்குப் பிறகு ஈரத்துணியோடு சரி.

மெக்கானிக் வந்து ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "பெடலு நல்லா கீது சார், இன்ஜினுக்குக் காத்து வுடுற த்ராட்டிலும் நல்லா கீது. நடுவுல ஒயர் சாக்கெட்ல தண்ணி பூந்து, ரெண்டும் பேசிக்கவே இல்ல. பழைய வண்டின்னா இரும்புக் கேபிளு, நனைஞ்சாலும் இழுக்கும்."

பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: "அப்பாவும் வண்டியும் இங்கயே காயட்டும். நீ பைக்ல ஏறும்மா, இன்டர்வியூல வுட்டுட்டு வரேன்."