சித்தி வாங்கிய இரண்டு சீட்டு வண்டி

என் சித்தி பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். மூக்கே இல்லாத தட்டை முகத்து மஞ்சள் பஸ். முன்சக்கரத்துக்கும் முன்னால் கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். ஏறும் பிள்ளைகளுக்கு அவள் வைத்த சட்டம் ஒன்றுதான்: "கத்துறவங்க கத்தலாம், எழுந்து நிக்கிறவங்க வீட்டுக்கு நடந்து போகலாம்."

கடைசிப் பிள்ளை இறங்கியதும் அவள் உடனே இறங்கிவிட மாட்டாள். ஒவ்வொரு சீட்டின் முதுகையும் தொட்டுக்கொண்டே கடைசி சீட்டு வரை நடந்து போவாள். குனிந்து அடியிலும் பார்ப்பாள். யாராவது தூங்கிக் கிடக்கலாம் என்பதற்காகப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த பழக்கம் அது. சித்தியிடம் அது உடம்போடு ஒட்டிப்போயிற்று. வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டுப் போனால் சோபாவுக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். சித்தப்பாவுக்கு அதில் தீராத சந்தோஷம். "யாராவது மாட்டினாங்களா?" என்பார்.

ஒரு பச்சைக் கார் தினமும் மாலையில் பாலத்துத் திருப்பத்தில் பஸ்ஸை முந்தும். இரண்டே சீட்டு, துணிக் கூரை, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு. "ஆன்ட்டி, விடாதீங்க!" என்று பிள்ளைகள் முன்சீட்டின் முதுகைத் தட்டுவார்கள். "அவன் ஒத்தையாளு, போகட்டும். நாம ஊரையே தூக்கிக்கிட்டுப் போறோம்" என்பாள் சித்தி. ஆனால் அது மறைகிற வரை பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒருநாள் அதன் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஒரு தாள். கீழே தொலைபேசி எண். சித்தியின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். எண்ணைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். ஆளுக்கு ஒரு இலக்கம் மனப்பாடம். கடைசி நிறுத்தத்தில் ஒரு இலக்கம் குறைந்தது. அதை மனப்பாடம் செய்த பையன் பின் சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பி, "டேய், உன் நம்பர் சொல்லுடா" என்றதும் கண்ணைத் திறக்காமலே "ஏழு" என்றான்.

இனி சித்தப்பா. அவருக்கு வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை. நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, நசுங்காத வண்டியைக் கண்டால் 'இன்னும் ஆகவில்லை' என்று நினைக்கிற மனிதராகிவிட்டார். ஓடுகிற வாகனம் எதிலும் தூங்க மாட்டார். ரயிலில்கூட உட்கார்ந்தபடியே விடியவிடிய விழித்திருப்பார், தான் கண்ணை மூடினால் ஓட்டுநரும் மூடிவிடுவார் என்பதைப் போல.

"எவ்வளவு ஓடியிருக்குன்னு பார்த்தியா?" என்றார் அவர், அந்தப் பச்சை வண்டியை வாங்கலாமா என்று சித்தி கேட்டதும்.

"என் பஸ் அதைவிட ஓடியிருக்கு."

"உன் பஸ்ஸு மெதுவா ஓடினது. இது ஓட்டமா ஓடினது. வெறி பிடிச்சவன் எவன் எவன் ஓட்டினானோ."

"ஓடினதுல என்னங்க தப்பு? மூடி போட்டு நிக்க வெச்ச வண்டிதான் பயம். ரப்பர் காய்ஞ்சிரும், பிரேக் பிடிச்சுக்கும். இது தினம் வேலைக்குப் போன வண்டி. என்னை மாதிரி."

சித்தப்பா தன் நிபந்தனையைச் சொன்னார். "கெட்டுப்போகட்டும், அது பரவாயில்ல. என்ன கெட்டுப்போகும்னு எனக்கு முன்னாடியே தெரியணும். தெரியாத ஒண்ணு உள்ள ஒளிஞ்சிருந்தா வேணாம்."

"சரி. நீங்க வேணாம்னா வேணாம்தான். ஆனா நேர்ல வந்து பார்த்துட்டுச் சொல்லணும்" என்றாள் சித்தி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவள் துடைத்த பாத்திரங்களையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நால்வர் கிளம்பினோம். பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கும் மெக்கானிக், தன் வேனில் எங்களை ஏற்றிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க டீசல் எஞ்சின்களோடு மட்டுமே பழகியவர். அவர் மனைவிகூட அவரை டீசல் என்றுதான் கூப்பிடுவாள். குறைகளைப் படமெடுக்க என்னையும் கூட்டிவந்தார் சித்தப்பா. "நல்லா இருக்கிற இடத்தை எடுக்காத, போன்ல இடம் வீணாகும்" என்று கட்டளை.

விற்பவர் ஒரு நீச்சல் பயிற்சியாளர். அகன்ற தோள், ஈரம் காயாத தலைமுடி, இரண்டு தோளிலும் ஒவ்வொரு கைக்குழந்தை. "ரெட்டைப் பிள்ளைங்க. இருக்கிறது ரெண்டு சீட்டு. யாரை விட்டுட்டுப் போறது, சொல்லுங்க?" என்றார். வாசற்கதவுக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல்: "என்னைத்தான் விட்டுட்டுப் போவாரு. நானும் அந்த ஈர வாசனைக்குள்ள உட்கார மாட்டேன்."

"என் துண்டு வாசனைங்க. தொழில் அப்படி" என்று சிரித்தார் பயிற்சியாளர்.

சித்தி முதலில் வண்டியின் எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்திருக்க வேண்டும், முகம் மலர்ந்தது. முன்பே சூடாக்கி வைத்த எஞ்சின் தன் இருமலை மறைத்துவிடும் என்பது அவள் கணக்கு. மெக்கானிக் டீசல், எஞ்சின் எண்ணெயைத் தொட்டு விரலில் தேய்த்தார், புகைக்குழாயின் பின்னால் மண்டியிட்டார், எஞ்சினுக்குள் ஓடும் பல் பெல்ட்டை எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். போன வருஷம் மாற்றியதற்குப் பயிற்சியாளர் ரசீதைக் காட்டினார். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் டீசல் நெற்றியைச் சுருக்கினார்.

"ஏன் தம்பி, என்ன ஆச்சு?" சித்தியின் குரலில் பதற்றம்.

"இல்லக்கா, டீசல் வண்டி மாதிரி ஆடவே மாட்டேங்குது. ஓடுதா நின்னுடுச்சான்னு தெரியல."

முதல் சுற்று சித்தியும், குழந்தைகளை மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்த பயிற்சியாளரும். பஸ்ஸில் போடுவதுபோல எடுத்த எடுப்பிலேயே அடுத்தடுத்த கியருக்குத் தாவினாள். வண்டி குலுங்கி முனகியது. தெருமுனையிலிருந்து பயிற்சியாளரின் குரல் எங்களுக்கே கேட்டது: "இன்னும் மிதிங்க மேடம்! அது கத்தணும்! கத்த விடுங்க!" பிறகு ஒரு சத்தம் எழுந்தது. துணியை நீளமாகக் கிழித்துக்கொண்டே போவதைப் போல, கிழிவதில் துணிக்கே சந்தோஷம் என்பதைப் போல. டீசல் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

திரும்பி வந்த சித்தி கண்ணாடியை இறக்கினாள். "ஏறுங்க" என்றாள் சித்தப்பாவிடம்.

"நான் எதுக்கு?"

"வேணாம்னு சொல்றதுன்னாலும் உட்கார்ந்து பார்த்துட்டுச் சொல்லுங்க."

சித்தப்பா வண்டிக்குள் நுழைந்ததை இறங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். கிணற்றில் இறங்குவதுபோல ஒவ்வொரு காலாக. சீட் பெல்ட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். தெருமுனை வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கேதான் சித்தி தவறு செய்தாள்.

பஸ்ஸில் அவளுக்குப் பின்னால்தான் முன்சக்கரம். அதனால் மூலையைத் தாண்டிப் போன பிறகே ஸ்டியரிங்கை ஒடிப்பாள். அத்தனை வருஷப் பழக்கம். இந்த வண்டியிலோ முன்சக்கரங்கள் எங்கோ முன்னே இருக்கின்றன. ஓட்டுபவள் கிட்டத்தட்ட பின்சக்கரத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறாள். பச்சை வண்டி தெருவைக் குறுக்கே கடந்து, எதிர்த்த நடைபாதையில் தொம்மென்று ஏறி, யாரோ பொறுப்பாகக் கத்தரித்து வைத்திருந்த புல்தரையில் போய் நின்றது.

நாங்கள் ஓடினோம். சித்தி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். எல்லாம் முடிந்தது என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. பக்கத்துக் கதவு திறந்தது. சித்தப்பாவின் ஒரு கால் வெளியே வந்தது. காலுறையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"குதிச்சப்ப கீழேயிருந்து களக்குன்னு வந்துச்சு" என்றார் அவர். "இது துண்டு இல்ல சார். குளம்."

பயிற்சியாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அந்தப் பக்கம் யாருமே உட்கார்றதில்ல, இன்னிக்குத்தான் நானே உட்கார்ந்தேன்."

டீசலுக்குத்தான் உயிர் வந்தது. எஞ்சின் அவரைக் குழப்பலாம். தண்ணீர் எந்த வண்டியிலும் தண்ணீர்தான். தரைவிரிப்பை உரித்தார். அடியில் பஞ்சு ஊறிப்போய் கனத்துக் கிடந்தது. பிறகு கூரை மடிகிற இடத்தில் விரலை விட்டுத் துழாவினார். மழைநீர் வெளியேறும் சின்னத் துளை மக்கிய இலைகளால் அடைபட்டிருந்தது. ஒரு கம்பியை நுழைத்துக் குத்தியதும் பழுப்பு நீர் புல்தரைமேல் விழுந்தது.

பிறகு திருப்புளியின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். டண். டண். டண். ஒரு மூலையில் மட்டும் பொத்.

"உள்ளங்கை அளவுதான் துரு. வெட்டிட்டு வேற தகடு வெச்சு ஒட்டணும். மத்தது கெட்டி."

"வேற?" என்றார் சித்தப்பா.

"பின்பக்க ரப்பர் புஷ் மாத்தணும். கிளட்ச் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் செலவு வெக்கும். கூரைத்துணி ஒரு தையல் விட்டிருக்கு."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல சார். இருந்தா சொல்ல மாட்டேனா?"

நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்: இலைகள், துரு, நனைந்த காலுறை. திரையில் சித்தியின் கையும் வந்தது. கதவின் விளிம்பை, பஸ்ஸில் சீட்டுகளைத் தொடுவதுபோல, லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தது. "பரவாயில்லங்க, போகலாம். திருப்பவே தெரியல எனக்கு" என்றாள் அவள்.

சித்தப்பா காலுறையைக் கழற்றிப் பிழிந்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் அந்தக் கிணற்றுக்குள் இறங்கினார்.

"ஒளிஞ்சிருந்தது வெளியே வந்துடுச்சில்ல? அதைத்தானே கேட்டேன்." பெல்ட்டை இழுத்தார், இந்த முறை ஒரே தடவை. "இன்னொரு ரவுண்டு போ. இப்ப சீக்கிரமே திருப்பு. நான் சொல்றேன் எப்பன்னு."

அடுத்த திருப்பத்தில் தெருவே கேட்கும்படி "இப்ப!" என்று அவர் கத்தியதும், சித்தி சிரித்த சிரிப்பு எஞ்சின் சத்தத்தையும் மீறி வந்ததும் எனக்கு இன்னும் காதிலேயே இருக்கின்றன. புல்தரை வீட்டுக்காரரிடம் நானும் பயிற்சியாளரும் மன்னிப்புக் கேட்டோம். அவர் வண்டியைப் பார்த்துக்கொண்டே, "எவ்வளவு ஓடியிருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஒட்டுப்போட்ட தகட்டோடு அடுத்த வாரம் வண்டி வீட்டுக்கு வந்தது. சித்தி ஓட்ட, சித்தப்பா பக்கத்தில். நானும் டீசலும் வேனில் பின்னாலேயே வந்தோம். முதல் சில திருப்பங்களில் "இப்ப!" கேட்டது. பாலத்துத் திருப்பத்தில் கேட்கவில்லை. ஆனாலும் வண்டி சரியான இடத்தில் அழகாக வளைந்தது.

வாசலில் நிறுத்தி, சித்தி இறங்கினாள். பழக்கம் விடவில்லை. இல்லாத பின்சீட்டைப் பார்க்கக் குனிந்தாள். அங்கிருந்து பக்கத்து சீட்டுக்குப் பார்வை வந்ததும் அப்படியே நின்றாள். எங்களை நோக்கி உதட்டில் விரல் வைத்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள் மெல்ல. "ஒரு ஆள் மாட்டியிருக்கு."

உள்ளே சித்தப்பா, தலை ஒரு பக்கம் சாய, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.