பொட்டு வைத்த மூட்டைகள்

தாண்டவராயனை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவருடைய நெல்லைப் பறிமுதல் செய்த விவரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். எழுபத்தைந்தாம் வருஷம், பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு. பி.ஏ. முடித்த கையோடு, செய்யாற்றுப் பாலத்தருகே நெல் சோதனைச் சாவடியில் எனக்குத் தற்காலிக எழுத்தர் வேலை. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை நெல்கூட மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்று அப்போது உத்தரவு.

உத்திரமேரூருக்குத் தெற்கே அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். மனைவி போனபின் தனியாளாக வளர்த்த ஒரே மகள் பவளத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம், வந்தவாசி அருகே கட்டிக்கொடுத்திருந்தார். தலைப்பொங்கலுக்குப் பிறந்த வீட்டுப் புதுநெல் போகவேண்டும். அந்த அரிசியில்தான் அவள் பானை பொங்கவேண்டும். மாமியார்க்காரி கார்த்திகையிலிருந்தே கேட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

பக்கத்து நிலத்து எல்லப்பன் யோசனை சொன்னான். "சாவடி பக்கமே போவாத மாமா. எல்லாரும் ஆத்து மணல்ல எறக்கித்தான் ஓட்டிக்கினு போறாங்க."

"சீர் நெல்ல திருட்டு நெல்லு மாரி கொண்டு போறதா? என் பொண்ணு இன்னா, ஓடிப்போயா கட்டிக்கினா?"

"அப்ப தாசில்தாருக்கு மனுவாச்சும் போடு."

"கவர்மெண்டுக்கு லெவி நெல்லு அளந்து குட்த்தாச்சி. ரேஷனுக்குப் போவட்டும், ஏழபாழ துன்னட்டும், நான் வேணாங்கல. மிச்சம் என்னுது. என்னுத என் பொண்ணுக்குக் குடுக்க யாரக் கேக்கணும்?"

சீர் என்றால் ஊர் பார்க்கப் போகவேண்டும். இரண்டு மூட்டைக்கும் மஞ்சள் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார். வண்டியில் கரும்பு கட்டினார். மாட்டுக்குச் சலங்கை போட்டு, பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டு நேரே சாவடிக்கே வந்தார்.

காவலர் முனிரத்தினம் வண்டியை மறித்துச் சிரித்தார். "இன்னா பெரியவரே, மூட்டைக்குப் பொட்டு வெச்சி இட்டாந்துகிற? நலங்கு முட்ஞ்சிதா?"

"பொண்ணு வூட்டுச் சீரு சார்."

"சீட்டு?"

"வாங்கல. வாங்கவும் மாட்டேன்."

சாவடி ஆய்வாளர் கெட்டவர் இல்லை. 'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும்' என்று கையெழுத்துப் போட்டால் நெல்லையும் கொடுத்து, தாசில்தாரிடம் சீட்டும் அன்றைக்கே வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த வரியை எழுதிப் படித்துக் காட்டியவன் நான். "பதுக்கல்காரர்களுக்காகப் போட்ட சட்டம், ஐயா" என்று விளக்கமும் சொன்னேன்.

"பதுக்கறவன் சலங்க கட்டிக்கினா வரான், தம்பி? தெரிஞ்சிதான் செஞ்சேன். தெரியாம செஞ்சேன்னு பொய்யி எழுதச் சொல்றியே, படிச்ச புள்ள."

மூட்டைகளைச் சாவடிக்குப் பின்னால் வெட்டவெளியில் இறக்கினோம். மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, அவர் எதிர்ப்புறம் மூட்டைகளைப் பார்த்தபடி உட்கார்ந்தார். பொங்கலும் அங்கேயே கழிந்தது.

காணும் பொங்கலன்று பவளம் பாலத்தின் மேல் தனியாக நடந்து வந்தாள்.

"கடை அரிசில பொங்கனேன் நைனா. தெருவே சிரிக்குது. ஒரு கையெழுத்து. எனக்காவ போடக்கூடாதா?"

அவர் என்னிடம் பேனா வாங்கினார். காகிதத்தை நீட்டினேன். 'தெரியாமல்' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. மகளைப் பார்த்தார். போட்டுத் தொலைத்துவிடலாம் என்றுதான் அவருக்கும் இருந்தது. கை மட்டும் நகரவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"வேற எது வேணாலும் கேளும்மா."

"வேற எதுவும் கேக்கல" என்று சொல்லிவிட்டுத் திரும்பியவள், பாலம் முடியும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் மூன்று நாள் பருவம் தப்பிய மழை. சாவடியில் இருந்த ஒரே தார்ப்பாயை எங்கள் கொட்டகைக் கூரைமேல் போட்டிருந்தோம். நான்காம் நாள் சாக்கைக் கிழித்துக்கொண்டு பச்சையாக முளை வந்திருந்தது. குங்குமம் கரைந்து ஓடியிருந்தது. அதுவரை அங்கேயே கிடந்த தாண்டவராயன் ஒரு முளையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"கவர்மெண்டுக்கும் ஆவல, என் பொண்ணுக்கும் ஆவல" என்றார். சேதம் என்று நான் எழுதினேன். அவர் வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்.

கொஞ்ச வருஷத்தில் உத்தரவையே எடுத்துவிட்டார்கள். இப்போது நெல் லாரிகள் கேட்பாரில்லாமல் பாலத்தைக் கடக்கின்றன. சாவடி இருந்த இடத்தில் ஒரு டீக்கடை.

இது எண்பத்தாறு. தாண்டவராயன் அதே வீட்டில் தனியாக இருக்கிறார். ஒவ்வொரு மார்கழிக் கடைசியிலும் பொட்டு வைத்த இரண்டு மூட்டைகளை வண்டியில் ஏற்றிப் பவளம் வீட்டுக்கு அனுப்புகிறார். வண்டிக்காரன் மறுநாள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்து அவர் வாசலில் இறக்குகிறான்.