துண்டு போட்ட சீட்டு

காபிக் கடைச் சுவரில் இன்று ஒரு கறுப்பு வெள்ளைப் படம் பார்த்தேன். பழைய டவுன் பஸ்ஸின் உட்புறம். கைபட்டுக் கைபட்டு மினுங்கும் கம்பிகள், ஜன்னல் முழுக்க மேகம், நெருக்கியடித்து நிற்கும் முதுகுகள், நடுவே ஒரு சீட்டில் துண்டு மட்டும்.

"காலி சீட்டு. என்ன தனிமை பாருங்க" என்றார் சுற்றுலா வந்த ஒருவர்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. காலியாக இருந்தால் இத்தனை பேர் ஏன் நிற்கிறார்கள்? படம் எடுத்தவருக்கு அது தெரிந்திருக்கிறது.

என் சின்ன வயதில், கொடைக்கானலில் ஓட்டல் வேலை முடிந்து வில்பட்டி பஸ்ஸுக்கு ஓடிவரும் அம்மா, ஜன்னல் வழியாக என்னை உள்ளே தூக்கிவிட்டுத் துண்டையும் எறிவாள். ஈரக் கம்பளியும் டீசலும் மணக்கும் நெரிசலில் அதை விரித்து அழுத்திப் பிடித்தபடி, கேட்பவர்களிடமெல்லாம் "ஆள் வருதுங்க, எங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன், அவள் படியேறி ஒவ்வொரு முதுகாக விலக்கி வந்து சேர்வதற்குள் பஸ் கிளம்பிவிடுமோ என்று படிக்கட்டையே பார்த்துக்கொண்டு. ஒருநாளும் அவள் வராமல் இருந்ததில்லை.

அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. சாயங்காலம் வில்பட்டி பஸ்ஸில் என் பக்கத்துச் சீட்டில் சால்வை கிடந்தது, நான்தான் போட்டிருக்கிறேன். ஏறி வந்த ஒரு பெண் கேட்டாள்: "ஆள் வருதாக்கா?"

சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"வரலம்மா. உக்காரு."