படத்தில் விழுந்த கை

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்களோ தெரியவில்லை. இது நடந்தது பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கிற மதியம் ஒன்றேகால் மணிக்கு, தேனியில் ஒரு ஸ்கேன் சென்டரில். சென்டர் பேர் வேண்டாம். அவர்களும் பிழைக்க வேண்டும் அல்லவா? கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் கூடலூர் ஜீப் ஸ்டாண்டில் போய்க் கேட்டுக்கொள்ளலாம். யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

மரிய ஜோசப் கூடலூர்க்காரர். குமுளி மலை ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி ஆட்களைக் கொண்டுபோகும் ஜீப் டிரைவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், மார்கழிப் பனியில், தோட்டத்துப் பாதை வளைவில் ஜீப் உருண்டது. பின்னால் இருந்தவர்கள் கை கால் முறிவோடு தப்பினார்கள். அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்த, ஏலக்காய் பறிக்கிற சந்தனம்மாள் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

ஜோசப்புக்கு இடுப்பெலும்பு நொறுங்கி, சிறுநீர் வருகிற வழி அறுந்துபோனது. அன்றிலிருந்து அடிவயிற்றில் ஓட்டை போட்டு ஒரு டியூப், டியூப் முனையில் ஒரு பை. மதுரையில் ஆபரேஷன் செய்து அறுந்த வழியை ஒட்டுப்போட்டிருந்தார்கள். ஒட்டு நின்றதா என்று பார்க்கத்தான் இந்த எக்ஸ்ரே படம். வழி திறந்திருந்தால் டியூபைக் கழற்றிவிட்டு மறுபடி ஸ்டியரிங் பிடிக்கலாம். அடைத்திருந்தால் ஆயுசுக்கும் பைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

எக்ஸ்ரே எடுக்கும் ஜெபஷீலா பொறுமையான பெண்.

"பயப்படாதீகண்ணே. இந்த டியூப் வழியா மருந்த உள்ள விடுவேன். எக்ஸ்ரேல அது வெள்ளையாத் தெரியும். நெறஞ்சு முட்டுனதும் சொல்லுங்க. அப்பறம் படுத்தபடியே ஒண்ணுக்குப் போகணும். போகப் போக நான் படம் எடுப்பேன். மருந்து எங்கன வரைக்கும் எறங்குது, எங்கன நிக்குதுன்னு தெரிஞ்சுரும்."

"படுத்துக்கிட்டேவா?"

"வெக்கப்பட்டா ஆகாதுண்ணே. டெஸ்ட்டே அதுதான்."

சிலுவைச் செயின், மோதிரம், பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி மனைவி செபஸ்தியம்மாளிடம் கொடுத்தார். அவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஜெபமாலையை உருட்ட ஆரம்பித்தாள்.

மணி 1.12. மருந்து பாட்டில் தலைக்கு மேலே தொங்கியது. சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஏசிக் குளிரில் பல் கிட்டியது. அடிவயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது.

1.17. ஏலக்காய் வாசம் வந்தது. டீயில் போடுகிற காய்ந்த ஏலக்காய் இல்லை. அப்போதுதான் பறித்த பச்சைக் காய். பறிக்கிற பெண்களின் கையில் ஒட்டிக்கொண்டு எத்தனை கழுவினாலும் போகாத அந்த வாசம். மலை எங்கே, தேனி எங்கே? ஏதாவது ஸ்பிரேயாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

1.19. "முட்டுதும்மா."

ஜெபஷீலா பாட்டில் கிளிப்பை மூடினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இப்போது அறையில் அவர் மட்டும்தான். மைக் கரகரத்தது.

"ரெண்டு கையையும் தலைக்கு மேல வச்சுக்கங்க. இப்பப் போங்க."

முக்கினார். ஒன்றும் இல்லை. மறுபடி முக்கினார். கீழே ஒரு எரிச்சல்... மெல்ல நகர்ந்தது. ஒன்றரை வருஷமாக மறந்துபோன எரிச்சல். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வருதும்மா... வருது."

அப்போதுதான் டியூபுக்குக் கீழே ஏதோ சில்லென்று படிந்தது.

அழுத்தியது.

"கைய எடுங்கண்ணே," என்றது மைக்.

"எடுத்துட்டேன்மா."

"படத்துல கை விழுதுண்ணே. கைய எடுங்க."

"ரெண்டு கையும் தலைக்கு மேலதாம்மா இருக்கு."



1.22.

சடக்.

சுள்ளி ஒடிகிற சத்தம். மெஷினாக இருக்கும்... ஆனால் மெஷின் மேலே இருந்தது. சத்தம் வந்தது இடுப்பருகே.

எரிச்சல் நின்றுபோனது.

வெளியே வந்த ஜெபஷீலாவின் முகத்தில் ரத்தமே இல்லை. பிலிமை வெளிச்சத்தில் மாட்டினாள். அவருடைய இடுப்பெலும்பின் மேல் ஒரு கையின் எலும்புகள். மருந்து அந்தக் கை வரைக்கும் வெள்ளையாக இறங்கி, அங்கேயே நின்றிருந்தது. விரல்களை எண்ணினார். ஆறு. கட்டைவிரலை ஒட்டி ஒரு குட்டி விரல், நடுவில் ஒடிந்திருந்தது.

சந்தனம்மாளுக்கு வலது கையில் ஆறு விரல். அந்தக் குட்டி விரலால் டேஷ்போர்டில் தட்டித்தான் தினமும் "கெளம்புங்கண்ணே" என்பாள். ஆனால் அவள் இருந்தவரை அது ஒடிந்த விரல் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுபடி எடுத்த படத்தில் கை இல்லை. ஆனாலும் மருந்து அதே இடத்தில்தான் நின்றது. டாக்டர் முதல் படத்தை ஏதோ மெஷின் கோளாறு என்று ஒதுக்கினார். "ஒட்டு மூடிக்கிச்சு. இனி வெட்டி ஒட்ட அங்கன சதை இல்ல," என்றார். ஜெபஷீலா அதன்பிறகு அந்த வேலைக்கு வரவில்லை.

நாலு நாள் கழித்து நாகராஜ் பார்க்க வந்தான். ஜீப் உருண்ட அன்று பின்னால் இன்னொரு ஜீப் ஓட்டி வந்தவன் அவன்தான், ஜோசப்பை வெளியே இழுத்தவனும் அவன்தான். ஜோசப் பிலிமைக் காட்டினார். நாகராஜ் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"யார்ட்டயும் சொன்னதில்லண்ணே. அந்தம்மாவுக்கு அப்ப உசுரு இருந்துச்சு. உங்க அடிவயித்த இறுக்கிப் புடிச்சுக்கிட்டு, விட்டுட்டுப் போயிராதீகன்னுச்சு. ஒவ்வொரு வெரலாப் பிரிச்சேன். அந்தச் சின்ன வெரல் மட்டும் வரல. ஒடிச்சுத்தான் எடுத்தேன். சடக்குன்னுச்சு. உங்களத் தூக்கிக் கெடத்திட்டுத் திரும்பி வந்தா... முடிஞ்சுபோச்சு."

"ஏன்டா அப்படிச் செஞ்ச?"

நாகராஜ் தலை நிமிரவில்லை.

"நீங்கதானண்ணே கத்துனீக. கைய எடு, கைய எடுன்னு."

ஜோசப்புக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்லை. இன்றுவரை இல்லை.

பை நிறைந்திருந்தது. செபஸ்தியம்மாள் வாளியோடு வந்து குனிந்து மூடியைத் திறந்தாள்.

"என்னங்க," என்றாள், "ஏலக்காய் மணக்குது."