லிஃப்டுக்கு வழிவிட்டோம்

இந்தப் பேச்சை எடுத்தாலே என் கணவர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். கட்டுக்கதை என்றால் அவர் ஏன் எழ வேண்டும்? நடந்தது. எங்கள் மூன்று பேருக்கும் நடந்தது.

அவர் எலக்ட்ரீஷியன். மழைக்காலத்தில் மூடிவிடும் ஒரு மலை ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளும் வேலை வந்தது. ஜெனரேட்டரை ஓட்ட வேண்டும், ஒழுகும் இடங்களை அடைக்க வேண்டும். நானும் எட்டு வயது மகளும் கூடவே போனோம். அவளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம்.

"வாடகை இல்லாத அரண்மனை. மகாராணி உள்ள வரலாம்" என்றார் அவர், பூட்டைத் திறந்தபடி.

சில நாட்கள் நன்றாகவே போயின. பிறகு ஒரு சாயங்காலம். நானும் அவரும் வரவேற்பறையைப் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

டிங்.

லிஃப்ட் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. அவர் துடைப்பத்தோடு சுவரோரம் ஒதுங்கினார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மறுபடி பெருக்கினார்.

"ஏன் ஒதுங்குனீங்க?"

"யாரு, நானா?"

அவருக்கே தெரியவில்லை. சட்டைப் பையில் கைவிட்டு எதையோ எடுத்தார். லிஃப்டின் ஃபியூஸ். வந்த அன்றே அவர் கழற்றி வைத்தது. அதையே உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் டிங். படியில் உட்கார்ந்திருந்த வாலு காலை மடக்கிக்கொண்டாள். ஒருவர் பின் ஒருவராக யாரோ கடந்து போவதைப் போல அவள் முகம் திரும்பித் திரும்பி வந்தது.

"யாருடி போனா?"

"யாரும் போகலையேம்மா."

அவள் பொய் சொல்லவில்லை.

"போயிடலாங்க."

"ரோடு சரிஞ்சு கிடக்கு. மழை விடட்டும்."

மழை விடவில்லை.

அடுத்த நாள் தோள்பட்டை வலித்தது. அப்போதுதான் கவனித்தேன்... சாப்பாட்டுக் கூடத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருக்கிறேன். வந்தபோது வெளிச்சம் இருந்தது. இப்போது இருட்டு. கன்னமும் வலித்தது.

சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

பயம் வரவில்லை. கை மரத்துப்போகுமே, அப்படி உடம்பு முழுக்க.

எதிர்ச் சுவரோரம் அவர். படியில் வாலு.

இருவரும் சிரித்துக்கொண்டு...

டிங்.

லிஃப்ட் மூடிக்கொண்டது.

விடிந்ததும் சரிந்த மண்ணில் நடந்தே இறங்கினோம்.

வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. சண்டை இல்லை. கோபம் இல்லை. அவர் கிண்டல் செய்வதும் இல்லை. போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் விழுந்து வாலுவுக்கு இடது கை முறிந்தது. எலும்பைச் சேர்த்துக் கட்டிய டாக்டர் ஆச்சரியப்பட்டார். "ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே. தைரியசாலிதான்."

நேற்று ஒரு போன். இப்போது அந்த ஹோட்டலைப் பார்த்துக்கொள்பவர். மேனேஜரிடம் எங்கள் நம்பரை வாங்கியிருக்கிறார். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, நீங்க இங்க இருந்தப்போ ஏதாவது பார்த்தீங்களா?"

"என்ன?"

"சாயங்காலம் லிஃப்ட் திறக்குது. உள்ள ஒரு புருஷன், பொண்டாட்டி, ஒரு சின்னப் பொண்ணு. வெளிய வர மாட்டேங்குறாங்க. இத்தனை நாள் சும்மாதான் நின்னாங்க. போன வியாழக்கிழமையிலிருந்து அந்தப் பொண்ணு இடது கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை..."

எதிரில் வாலு மாவுக்கட்டோடு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"அந்த அம்மா?"

"பயந்து நடுங்குறாங்கக்கா."