போலீஸ் விசாரணையும் முருகேசனின் டீ கிளாஸும்

“இந்த முருகேசன் குடிப்பாராம்மா?” என்று விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் கேட்டபோது என் கையில் இட்லித் தட்டு இருந்தது.

திருவேங்கடம் சாலை முக்கில் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட்டோ வேலையோ, தெருவில் யாரைப் பற்றி விசாரிப்பதானாலும் போலீஸார் என் கடைக்கு வராமல் போகமாட்டார்கள். கையெழுத்துக்கு மேல் எனக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது. ஆனாலும் நான் சொல்வதை எழுதிக்கொண்டு போவார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

முருகேசன் எங்கள் தெரு எலெக்ட்ரீஷியன். அணுமின் நிலையத்தில் காண்ட்ராக்ட் வேலை வந்திருந்தது. போலீஸ் சரியென்று எழுதினால்தான் கேட் பாஸ். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

ஒரு காலத்தில் விடிந்ததுமே குடிப்பவன். கை ஆடும். அவனுக்கு மட்டும் டீயை அரை கிளாஸ்தான் ஊற்றுவேன். நிறைய ஊற்றினால் சட்டையில் கொட்டிக்கொள்வான். பிறகு திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்த்து நிறுத்தினான். அப்புறம் இரண்டு தீபாவளி போய்விட்டது.

“குடிச்சான் ஐயா, நல்லாவே குடிச்சான். வைத்தியம் பாத்து விட்டுட்டான். இப்ப தொடுறதில்ல” என்றேன். அவர் டீயைக்கூட முடிக்காமல் போய்விட்டார்.

எதிர்த்த மளிகைக்கடை அண்ணாச்சி ஓடிவந்தார். “ஏக்கா, அவன் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே! நாங்க எல்லாரும் சொட்டு தொட்டதில்லன்னு சொல்லியிருக்கோம். நீயும் அப்படிச் சொன்னா வாயா வெந்துரும்?”

எங்கள் தெரு வழக்கம் அது. விசாரணை என்று வந்தால் நம்ம பிள்ளையை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

பகல் முழுக்க எனக்கு நிலைகொள்ளவில்லை. சட்னிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். பைக் சத்தம் கேட்டால் எட்டிப் பார்த்தேன். முருகேசன் மனைவி செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு கடையைத் தாண்டிப் போனாள்.

சாயங்காலம் முருகேசனே வந்தான். “பெரியம்மா, என்ன சொன்னிய?”

“ஏலே, உள்ளதைத்தான் சொன்னேன்.”

அவன் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்தான். “நல்லவேளை. குடிச்சதையும் ஆஸ்பத்திரில இருந்ததையும் அணுமின் நிலையத்து அதிகாரிட்ட நானே சொல்லிட்டேன். தெருவே இல்லைன்னு சொன்னா, நான்தான் மறைக்கச் சொன்னேன்னு நினைச்சிர மாட்டாவளா?”

கேட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது.

மறுநாள் காலை போலீஸ்காரர் மறுபடி வந்தார். “ஆளுக்கொண்ணு சொல்லுதிய. நான் எதை எழுத?”

வழக்கம்போல முருகேசனும் வந்து நின்றான். நான் அவனுக்கு விளிம்பு வரை டீ ஊற்றினேன். பயத்தில் கை ஆடிவிட்டால்? ஊற்றிய பிறகுதான் அது உறைத்தது. அவன் எடுத்தான், குடித்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“முன்னெல்லாம் கை ஆடும், இவனுக்கு அரை கிளாஸ்தான் ஊத்துவேன் ஐயா” என்றேன்.

அண்ணாச்சி தானே சாலையைக் கடந்து வந்தார். “நான் சொன்னது பொய்யி சார். மாத்தி எழுதிக்கிடுங்க.”

“உம்ம கடைப் பருப்பையாவது நம்பலாமா வே?” என்று கேட்டுவிட்டுப் போலீஸ்காரர் எழுதினார்.

பாஸ் வந்துவிட்டது. செல்வி இப்போது பேசுகிறாள்.

கடை வைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒருவன் எழுந்து நிற்கிறான் என்று சாட்சி சொல்லப் போனால், விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். விழவே இல்லை என்று சொன்னால் அவன் பட்ட பாட்டையும் சேர்த்து அழித்துவிடுவீர்கள்.

வருஷா வருஷம் பாஸைப் புதுப்பிக்க வேண்டுமாம். மறுபடியும் வந்து என்னைக் கேட்பார்கள். தினமும் அவனுக்கு நிறையத்தான் ஊற்றுகிறேன். அவன் கிளாஸை எடுத்து வாயில் வைக்கும்வரை அடுத்த ஆளுக்கு ஊற்றுவதில்லை.