மாமா வீட்டு முகவரி

என் வாழ்நாளில் நான் ஏறிய மலை ஒன்றே ஒன்றுதான். அதுவும் ஜப்பானில். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பல் டாக்டர் இரண்டாம் மாடியில் இருக்கிறார், லிஃப்ட் கிடையாது என்று தெரிந்ததும் பல்லே வேண்டாம் என்று முடிவெடுத்தவன் நான். வீட்டில் பரணிலிருந்து ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் மனைவி என்னைக் கேட்காமல் தானே நாற்காலி போட்டு ஏறிவிடுவாள். "நீங்க ஃபூஜி மலை ஏறினவரு. பரண்லாம் உங்க லெவலுக்கு இல்ல" என்பாள்.

ஆனால் ஏறியது உண்மை. 1991-இல், ஆடி மாதம். சென்னையில் நான் படித்த கல்லூரியின் மலையேற்றக் குழுவை ஜப்பானில் ஒரு கல்லூரி அழைத்திருந்தது. பத்து நாள். முதலில் அவர்கள் மலையில் ஏற வேண்டும், இறங்கிய பிறகு நம் கலாசாரத்தை அவர்களுக்கும் அவர்கள் கலாசாரத்தை நமக்கும் காட்டிக்கொள்ள வேண்டும். குழுவில் பன்னிரண்டு பேர். விமானம் ஏறியது பதினோரு பேர். நான் எழுத உட்கார்ந்தது அந்தப் பன்னிரண்டாவது ஆளைப் பற்றி. மலையைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது, பாதி தூரம் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினேன்.

அவனும் நானும் ஒரே ஊர், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே. இப்போது அங்கே கார் கம்பெனிகளின் மதில்சுவர் ஓடுகிறது, அப்போது வேர்க்கடலையும் சவுக்கும்தான். என் வீடு ஊருக்குள், அவன் வீடு காலனியில். ஒரே பஸ்ஸில் கல்லூரிக்குப் போனோம். பஸ்ஸுக்குள் ஊரும் காலனியும் கிடையாது. நிற்கவே இடம் கிடையாது.

எங்கள் பக்கத்தில் மலை என்று எதுவும் இல்லாததால் பயிற்சி செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில். முதுகுப் பையில் நாலு செங்கல்லை வைத்துக்கொண்டு கரைமேல் ஏறுவோம், இறங்குவோம், மறுபடி ஏறுவோம். குழுவின் பொறுப்பாளரான விரிவுரையாளர் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு விசில் ஊதுவார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கேட்டேவிட்டாள்.

"இன்னாப்பா, எதனா தொலைச்சிட்டீங்களா? மேலயும் கீயயும் ஓடிகினு கீறீங்க?"

"மலை ஏறக் கத்துக்கறோம்கா" என்றான் அவன்.

"இதுவா மலை? என் ஆடுகூட இத்த மலைன்னு ஒத்துக்காதுப்பா."

அவன் சிரித்துக்கொண்டே செங்கல்லோடு ஓடினான். குழுவில் உண்மையாக மலை ஏறத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். மூச்சு வாங்காது. என் பையிலிருந்து இரண்டு செங்கல் தினமும் அவன் பைக்கு இடம் மாறும், விரிவுரையாளர் கண்டுபிடித்ததில்லை.

கலாசாரத்துக்கும் அவனைத்தான் நம்பியிருந்தோம். அவன் அப்பா தெருக்கூத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவர், அவனும் கட்டுவான். அவன் ராஜா, நான் கட்டியக்காரன் என்று முடிவாகியிருந்தது. கட்டியக்காரன் வேலை உளறுவது. எனக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

அந்த ஆண்டு மே மாதம் ஸ்ரீபெரும்புதூரின் பெயர் உலகம் முழுவதும் செய்தியில் அடிபட்டது. ஏன் என்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் புதிதாக யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் போலீஸ் விசாரித்தது. ஜூனில் நாங்கள் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட வேண்டியிருந்தது.

போட்டோ ஸ்டுடியோவுக்குச் சேர்ந்தே போனோம். அவன் சட்டைக் காலரில் அரிதாரக் கறை. என்னை எடுத்து முடித்ததும் என் சட்டையைக் கழற்றி அவனுக்குக் கொடுத்தேன். நீலக் கட்டம் போட்டது, இடது பக்கம் காலர் பட்டன் கிடையாது. ஸ்டுடியோக்காரர் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "ஒரே சட்டைல ரெண்டு பேரு. போலீஸ்காரன் கொயம்பிடப் போறான்டா" என்றார். பனியனோடு நின்றுகொண்டிருந்த நானும் சிரித்தேன்.

மறுநாள் அவன் கல்லூரிக்கு வரவில்லை. செய்யாறு பக்கம் கூத்து. விரிவுரையாளர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"உங்க ஊர் அட்ரஸ் போட்டா இப்போதைக்கு வெரிஃபிகேஷன் முடியாதுப்பா. சென்னையில சொந்தக்காரங்க யாராவது இருந்தா அங்க தங்கிப் படிக்கிறதா எழுது. அவன்கிட்டயும் சொல்லிடு."

"சரி சார்."

எனக்கு மாம்பலத்தில் மாமா வீடு இருந்தது. அவனுக்குச் சென்னையில் யாரும் இல்லை. ஆனால் என் மாமா வீட்டு முகவரியை இரண்டு பேரும் போடலாம். மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். மாமாவிடம் கேட்டால் அத்தையிடம் கேட்டது போல. முந்தின வருஷம் அவனை ஒருமுறை அந்த வீட்டுக்குக் கூட்டிப் போயிருந்தேன். அத்தை, "எந்த ஊரு, எந்தத் தெரு" என்று விசாரித்தார். அப்புறம் அவனுக்கு வாசலிலேயே நாற்காலி போட்டார். அது மரியாதை இல்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. காப்பி எவர்சில்வர் டம்ளரில் எனக்கு, கண்ணாடி கிளாஸில் அவனுக்கு. குடித்துவிட்டு அவனே கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான்.

நான் மாமாவிடம் என் ஒருவனுக்காக மட்டும் கேட்டேன். அவனிடம் எதையும் சொல்லவில்லை. ஒரே வீட்டிலிருந்து இரண்டு விண்ணப்பம் போனால் சந்தேகம் வரும் என்று எனக்கு நானே ஒரு காரணம் எழுதிக்கொண்டேன். காரணம் எழுதுவதில் எனக்கு அப்போதே கை தேர்ந்திருந்தது. பிற்காலத்தில் பத்திரிகைகளில் பிழைத்தது அந்தத் திறமையால்தான்.

அவன் தன் வீட்டு முகவரியை, கதவு எண் உட்பட, அச்சு எழுத்து மாதிரி நிறுத்தி எழுதிப் போட்டான்.

மாமா வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் காப்பி குடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். அவன் வீட்டுக்கு வந்தவர் ஒரு மணி நேரம் இருந்தார். மே மாதம் யார் வந்தார்கள், யார் தங்கினார்கள், கூத்துக்காரர்கள் எந்தெந்த ஊருக்குப் போனார்கள், பெட்டியில் என்ன கொண்டுபோனார்கள். அவன் அப்பா வேஷப் பெட்டியையே திறந்து காட்டினாராம். உள்ளே கிரீடம், புஜக்கட்டை, சலங்கை. விசாரித்தவர் மேலும் குற்றமில்லை, அந்த வருஷம் அவருக்கு அதுதான் உத்தியோகம். ரிப்போர்ட் போகும் என்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் போய் ஸ்டேஷன் வாசலில் இரண்டு முறை நின்றோம். கோப்பு வரிசையில் இருக்கிறது என்றார்கள். ஜூலை முடிந்தது.

மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப அவன் வந்தான். உச்சி வெயில். கையில் மஞ்சள் பை.

"இந்தா சலங்கை. ராஜா பார்ட்டு நீ பண்ணிடு."

"எனக்கு ஒரு வரிகூட வராதுடா."

"சும்மா கட்டிகினு நில்லு. அது பாட்டுக்கு ஆடும். வசனம் மறந்துச்சின்னா கொரல மட்டும் ஏத்து. அங்க யாருக்குத் தமிழ் தெரியும்? மானத்த வாங்காம வந்தா போதும்."

மலையில் என்னால் முதல் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேச முடியவில்லை. செங்கல் பையே இல்லாத முதுகு ஏன் இவ்வளவு கனக்கிறது என்று தெரியவில்லை. மேகம் காலுக்குக் கீழே போய்விட்டது. எல்லோரும் அழகு அழகு என்றார்கள். எனக்கு அவன் இந்தச் சரிவில் எப்படி ஓடியிருப்பான் என்றே தோன்றிக்கொண்டிருந்தது. உச்சியில் ஒரு குட்டித் தபால் ஆபீஸ் இருந்தது. வந்தவர்களெல்லாம் வரிசையில் நின்று வீட்டுக்கு அட்டை போட்டார்கள். நான் அவனுக்குப் போட்டேன். "நீ வந்திருக்கணும்" என்று எழுதினேன், பிறகு முகவரி. குளிரில் விரல் வளையவில்லை. கதவு எண், காலனி, ஊர், வட்டம், மாவட்டம் என்று எழுதும்போதுதான் உறைத்தது. இந்த முகவரிக்கு இந்த அட்டை யார் விசாரணையும் இல்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

கலாசார நிகழ்ச்சி அடுத்த நாள். காகிதக் கிரீடம், காலில் அவன் சலங்கை. முதல் வரியை முழங்கினேன். இரண்டாவது வரி வரவில்லை. குரலை ஏற்று என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு எதுவும் மனப்பாடமாகத் தெரியாததால் நாங்கள் தினமும் போன பஸ்ஸின் நிறுத்தங்களை ராஜா குரலில் வரிசையாக முழங்கினேன். கிண்டி! போரூர்! பூந்தமல்லி! ஒவ்வொன்றுக்கும் ஒரு குதி. செம்பரம்பாக்கம் வந்தபோது சபை தாளம் போட ஆரம்பித்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூர் சொன்னேன். அதற்கப்புறம் எங்கள் ஊர் நிறுத்தம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. வேறு வழியின்றிக் குனிந்து கும்பிட்டேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுவும் நடிப்பின் பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள்.

திரும்பியதும் சலங்கையோடு அவன் வீட்டுக்குப் போனேன். பஸ் நிறுத்தக் கதையைக் கேட்டு அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி! கண்டக்டர் வேஷம் கட்டிட்டு ராஜான்னு ஏமாத்திட்டியேடா!" பிறகு பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னான். பெருமையாகக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை. ஜப்பான் விசா இருந்த பக்கத்தைத் தடவிப் பார்த்தான். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான். முகவரி இருந்த பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். மூடிக் கொடுத்தான்.

"போட்டோ நல்லா வந்துகீது. நல்ல சட்டைடா அது" என்றான்.

அவ்வளவுதான். அவனுடைய பாஸ்போர்ட் மார்கழியில் பதிவுத் தபாலில் வந்தது. எங்கும் போகவில்லை. பல வருஷம் கழித்து ஒரு ஜப்பான் கம்பெனியே எங்கள் பக்கம் வந்து மதில் கட்டியது. அவன் அதில் வேலைக்குச் சேர்ந்தான், லைனில் நின்றான், ஓ.டி. பார்த்தான். "நான் போவலன்னு அவனுங்களே வந்துட்டானுங்க பாரு" என்று என்னிடம் போனில் சொல்வான். நான் உரக்கச் சிரிப்பேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தானாம். எழவில்லை.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தேன். காலனி முனையில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். அதில் ஐம்பது வயதுக்காரன் இல்லை. இருபது வயதுப் பையன், நீலக் கட்டம் போட்ட சட்டை, இடது காலரில் பட்டன் கிடையாது. ஆளுயரத்துக்கு அவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றான். ஆட்டோவில் வந்த ஒருவர், "சின்ன வயசு போல, பாவம்" என்றார்.

"வேற நல்ல போட்டோவே இல்லண்ணா" என்றாள் அவன் மனைவி. பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினாள். நடுவே, ஓரம் மஞ்சளாகிப்போன அந்தத் தபால் அட்டை.

முப்பது வருஷமாகச் சொல்லாததை அப்போது சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அந்த அட்ரஸ் விஷயம்..."

"தெரியும்ணா. உங்க மாமா வூட்டு அட்ரஸ் போட்டீங்கன்னு அப்பவே பாத்தாராம். கோவம்லாம் இல்லண்ணா அவருக்கு. 'கேட்டிருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அந்த வூட்டு வாசல்ல இன்னொரு வாட்டி போயி நிக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்'னு சொல்லுவாரு."

 அட்டையைப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து மூடிக் கொடுத்தேன்.

அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்தாள். "காரியத்துக்குப் பத்திரிகை அனுப்பணும். உங்க அட்ரஸ் எழுதிக் குடுங்கண்ணா."

எழுதினேன். கதவு எண், தெரு, மாம்பலம். மாமா மகளைக் கட்டி இருபத்தைந்து வருஷமாக நான் குடியிருக்கும் வீடு. பாஸ்போர்ட்டில் பொய்யாக எழுதிய அதே மூன்று வரிகள், இப்போது உண்மை. அத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட அங்கே வந்ததில்லை.

நானும் கூப்பிட்டதில்லை.